கார்காலத்து உறக்கம்

ஆடி மாதத்தை மலையாள நாட்டார் கர்க்கடகம் என்பர். இடவப்பாதியில் தொடங்கிய மழை அம்மாதத்தில் விடுவதும் பெய்வதுமாக நீடிக்க, வானம் நாள் கணக்கில் சாம்பல் நிறத்திலேயே நிற்கும். ‘கள்ளக் கர்க்கடகம்’ என்று அதற்கு ஒரு பழிப்பெயரும் உண்டு. வயல் வேலையும் கடல் வேலையும் நின்று, வீட்டிலிருந்த நெல்லும் வற்றிப் போகிற மாதமாக அது முன்னாளில் இருந்தது.

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கி நீளும் கடைத்தெருவுக்குச் ‘சாலை’ என்றே பெயர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூரின் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் அமைத்த அங்காடி அது. நாஞ்சில் நாட்டிலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் சென்ற தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வணிகம் செய்து வருகின்றனர். கர்க்கடகத்தில் அத்தெருவில் காலை பத்து மணிக்கும் விளக்கெரித்தே கணக்கெழுத வேண்டியிருக்கும். நாட்டு மருந்துக் கடைகளில் கர்க்கடகக் கஞ்சிக்கான பொட்டலங்கள் அடுக்கப்பட்டிருக்கும். ஞவரை அரிசி, வெந்தயம், சுக்கு, சீரகம் என்று நீளும் அந்தப் பொட்டலத்தை வாங்க வருபவரும் விற்பவரும் தவறாமல் பரிமாறிக்கொள்ளும் குறை ஒன்று உண்டு. “அண்ணாச்சி, ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை, பகல் பூரா கண்ணு சொருகுது” என்பார் ஒருவர். “எனக்கும் அதே கதைதான். மழை விட்டாத்தான் சரியாகும்” என்பார் மற்றவர்.

மழை விட்டால்தான் சரியாகுமா? குளிர்ச்சியும் இருளும் உறக்கத்துக்கு உகந்தவை என்றுதானே நினைக்கிறோம். படுக்கையில் கிடக்கும் நேரம் கூடியிருக்க, உறக்கம் மட்டும் ஏன் குறைகிறது? ஆன்மிக நாட்டம் உடையவர்களைக் குடையும் மற்றொரு கேள்வியும் இதனுடன் சேர்ந்தே வருகிறது. நல்ல உறக்கம் வேண்டுமென்று விரும்புவதே ஒரு பலவீனமோ? சாதகன் வெல்ல வேண்டிய ஒன்றை நாம் வேண்டிக் கேட்கிறோமோ?

முதல் கேள்விக்கு விடை எளிது. ஆகவே அதை முதலில் முடித்துவிடலாம்.

வட மாநிலங்களில் வாழும் அன்பர்கள் இந்நிலையை மார்கழி, தை மாதங்களில் அனுபவிக்கின்றனர். தில்லியிலும் பாட்னாவிலும் மூடுபனி கவிந்து, சில நாட்களில் நண்பகல் வரை கதிரவன் முகம் காட்டுவதில்லை. டிசம்பர் இறுதியில் தில்லியின் பகற்பொழுது சுமார் 10 மணி 20 நிமிடம். இலண்டனில் அது 8 மணி நேரத்துக்கும் குறைவு. நார்வே நாட்டின் வடபகுதியிலுள்ள டிராம்சோ நகரில் நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. ஒளி குன்றிய மாதங்களில் சிலருக்கு ஆண்டுதோறும் மனச்சோர்வு வருவதை 1984-ஆம் ஆண்டில் நார்மன் ரோசன்தால் என்ற மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரு நோயாக விவரித்தனர். திருவனந்தபுரத்திலோ ஆண்டின் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரமே வேறுபாடு. இரவு வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குவதும் அரிது. அங்கே கார்காலம் பகலின் நீளத்தைக் குறைப்பதில்லை. அதன் பிரகாசத்தைத்தான் குறைக்கிறது.

நம் மூளையின் அடிப்பகுதியில் ஒரு கடிகாரம் இருக்கிறது. உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் அதைப் பின்பற்றும் சிறு கடிகாரங்கள் உள்ளன. இவை இயங்கும் விதத்தைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கு 2017-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. அக்கடிகாரத்தை நாள்தோறும் திருத்தி வைப்பது காலை வெளிச்சம். அந்த வெளிச்சம் கண்ணில் பட்டு ஏறத்தாழ பதினான்கு, பதினாறு மணி நேரம் கழிந்த பிறகே உறக்கத்துக்கான ஆயத்தம் உடலில் முறையாகத் தொடங்குகிறது. மழை மூட்டமான நாளிலும் திறந்த வெளியில் சில ஆயிரம் லக்ஸ் அளவு ஒளி இருக்கும். விளக்கேற்றிய கடைக்குள்ளோ வீட்டுக்குள்ளோ இருப்பது சில நூறு லக்ஸ்தான். கண் தன்னைப் பழக்கிக்கொள்வதால் இந்தப் பெரும் வேறுபாடு நமக்குத் தெரிவதில்லை. மழைக்கு அஞ்சி நாள் முழுவதும் உள்ளேயே இருப்பவருக்குப் பகல் முழுப் பகலாக அமைவதில்லை; ஆதலால் இரவும் முழு இரவாவதில்லை. போதாக்குறைக்குப் பிற்பகலில் போர்வைக்குள் ஒரு மணி நேரம், மாலையில் சாய்வு நாற்காலியில் அரை மணி நேரம் என்று கண்ணயர்கிறோம். இரவுக்கென்று சேர வேண்டிய உறக்கப் பசி இப்படிச் சில்லறையாகச் செலவாகிவிடுகிறது.

கேரள வைத்தியர்கள் தலைமேல் வைத்துப் போற்றும் ‘அஷ்டாங்க ஹ்ருதயம்’ என்ற நூலில் வாக்படர் இதைக் கருவிகள் ஏதுமின்றியே கண்டு சொல்லியிருக்கிறார். பகலுறக்கம் கோடையில் மட்டுமே தகும், ஏனைய பருவங்களில் அது கபத்தையும் பித்தத்தையும் மிகுவிக்கும் என்பது அவர் விதி. ஆனால் அந்த விதியை அவர் இரக்கமின்றி விதிக்கவில்லை. யார் யாருக்கு விலக்கு என்று உடனே ஒரு பட்டியலும் தருகிறார். முதியோர், குழந்தைகள், மெலிந்தோர், மூச்சிரைப்பு உள்ளோர், வழி நடந்து களைத்தோர், சுமை சுமந்து களைத்தோர் ஆகியோருடன் கோபத்தாலும் சோகத்தாலும் அச்சத்தாலும் வாடியோரையும் அவர் சேர்த்திருக்கிறார். சுமை தூக்கியவரையும் துயருற்றவரையும் ஒரே மூச்சில் சொல்லும் அந்த வைத்தியரின் மனம் நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. களைப்பு எதனால் வந்தது என்று கேட்ட பிறகே அவர் விதி பேசுகிறார்.

இரண்டு குரல்கள்

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். நம் சாத்திரங்கள் உறக்கத்தைப் பற்றி இரண்டு குரல்களில் பேசுகின்றன.

ஒரு குரல் கண்டிப்பானது. தமோகுணம் கவனமின்மையாலும் சோம்பலாலும் உறக்கத்தாலும் ஜீவனைக் கட்டுகிறது என்கிறது கீதையின் பதினான்காம் அத்தியாயம். அர்ஜுனனுக்கு வழங்கும் குடாகேசன் என்ற பெயருக்கு உறக்கத்தை வென்றவன் என்றே உரையாசிரியர்கள் பொருள் கொள்கின்றனர். வள்ளுவரும் மடியின்மை அதிகாரத்தில், கெடுகின்றவர்கள் விரும்பி ஏறும் கலம் என்று நான்கைச் சொல்லுமிடத்தில் உறக்கத்தை அவற்றுள் ஒன்றாக வைக்கிறார். இவற்றையெல்லாம் கேட்டு வளர்ந்த நம்மில் பலருக்கு, உறக்கம் குறையக் குறையச் சாதனை உயர்கிறது என்ற எண்ணம் படிந்துவிட்டது. “நான் நான்கு மணி நேரந்தான் உறங்குகிறேன்” என்று சொல்லும்போது குரலில் ஒரு நிமிர்வு வந்துவிடுகிறது. அப்படிச் சொல்பவர் மாலைச் சொற்பொழிவில் இரண்டாம் வரிசையில் அமர்ந்து தலையாட்டுவது ஆமோதிப்பதற்காக மட்டுமே என்று நம்புவோமாக! தாமஸ உறுதி விடாமல் பற்றிக்கொள்ளும் ஐந்தைக் கீதை பதினெட்டாம் அத்தியாயத்தில் கூறுகிறது. உறக்கம், அச்சம், சோகம், மனத்தளர்ச்சி என்பவற்றுடன் செருக்கும் அவற்றுள் ஒன்று. உறக்கத்தைக் குறைத்துச் செருக்கை வளர்த்துக்கொள்பவர் அந்தப் பட்டியலிலிருந்து வெளியேறியதாகச் சொல்ல முடியாது. உண்பதிலும் உறங்குவதிலும் மிகுதியும் கூடாது, பட்டினியும் விழிப்புமாகக் கிடப்பதும் கூடாது என்று ஆறாம் அத்தியாயம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

மற்றொரு குரல் வியப்புக்குரியது. நாள் முழுவதும் பறந்து களைத்த பருந்து சிறகுகளை மடக்கிக் கூட்டுக்குத் திரும்புவதுபோல ஜீவன் ஆழ்ந்த உறக்கத்துக்குள் செல்கிறான் என்கிறது பிருகதாரண்யக உபநிஷதம். அங்கே தந்தை தந்தையல்லன், திருடன் திருடனல்லன் என்று அது தொடர்ந்து கூறுகிறது. பகலெல்லாம் நாம் சுமந்து திரியும் பட்டங்களும் பழிகளும் இரவில் சில நாழிகை நம்மைவிட்டு நீங்குகின்றன. அரசனுக்கும் அவன் வாயிற்காவலனுக்கும் ஒரே அளவில் கிடைக்கும் பேறு இது.

சரி, அப்படியானால் உறங்கியே முக்தி பெற்றுவிடலாமே என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வியைச் சாந்தோக்ய உபநிஷதத்தில் இந்திரன் வேறு விதமாக எழுப்புகிறான். பிரஜாபதியிடம் 96 ஆண்டுகள் மாணவனாக இருந்த பிறகு, கனவற்ற உறக்கத்தில் அமைதியாக இருப்பதே ஆத்மா என்ற உபதேசம் அவனுக்குக் கிடைக்கிறது. நிறைவோடு புறப்பட்டவன் பாதி வழியில் நின்றுவிடுகிறான். அந்நிலையில் ‘இது நான்’ என்றுகூடத் தெரியவில்லையே, அழிந்துபோனது போலல்லவா இருக்கிறது, இதில் எனக்கு என்ன பயன் என்று திரும்பி வந்து மேலும் ஐந்து ஆண்டுகள் இருக்கிறான். உறக்கம் வீட்டின் திண்ணை வரை நம்மைக் கொண்டு வந்து விடுகிறது. ஆனால் வந்து சேர்ந்தது நமக்கே தெரிவதில்லை. அதன் பெருமையும் அதன் குறையும் இவ்வளவே.

சாலைத் தெருவின் மேற்கு முனையைத் தாண்டிக் கோட்டைக்குள் சென்றால், இந்த இரண்டு குரல்களும் ஓர் உருவில் இணைந்திருப்பதைக் காணலாம். அனந்தன் மீது பள்ளிகொண்ட ஸ்ரீ பத்மநாபசுவாமியை மூன்று வாசல்கள் வழியாகத் தரிசிக்கிறோம். அது யோகநித்திரை, அறிவு சற்றும் மறையாத உறக்கம். ஆடி வளர்பிறை ஏகாதசியில் பகவான் உறங்கத் தொடங்கிக் கார்த்திகை வளர்பிறை ஏகாதசியில் விழிக்கிறார் என்பது நாடெங்கும் வழங்கும் சாதுர்மாஸ்ய மரபு. இது வடநாட்டு மாதக் கணக்கு. மேகம் மூடிய நான்கு மாதங்களை உறங்கும் பருவமாக நம் முன்னோர் கருதினர். அந்த உறக்கத்தை இறைவனுக்கே உரியதாகவும் ஆக்கினர். அதே சமயம் மனிதனுக்கு அந்த மாதங்களில் விரதங்களையும் பாராயணத்தையும் விதித்தனர். கேரளத்தில் கர்க்கடகம் முழுவதும் வீடுகளில் விளக்கேற்றி எழுத்தச்சனின் அத்யாத்ம ராமாயணம் படிக்கப்படுகிறது. வேலையற்ற, வெளிச்சமற்ற மாதத்தில் குறித்த நேரத்தில் எழுவதற்கும் குறித்த நேரத்தில் விளக்கின் முன் அமர்வதற்கும் ஒரு காரணம் தரப்பட்டது. கர்க்கடகத்து மந்தத்துக்கு இதைவிட நல்ல மருந்தை இன்றைய மருத்துவமும் சொல்லிவிடவில்லை.

ஆக, சாத்திரம் கண்டிப்பது சோம்பலை. சோம்பல் வேறு, உறக்கம் வேறு; ஒன்று மற்றொன்றின் மிகுதி என்று நினைத்துவிடுகிறோம். எழவும் மனமின்றி, உறங்கவும் இயலாமல் போர்வைக்குள் கிடக்கும் இரண்டு மணி நேரம் நமக்கு ஓய்வும் தருவதில்லை, பயனும் தருவதில்லை. மூட்டமான மாதங்களில் உறக்கத்தைத் தின்பது பெரும்பாலும் அதுதான்.

திருதராஷ்டிரனின் இரவு

நல்ல மனச்சாட்சியே நல்ல தலையணை என்ற பொருளில் ஐரோப்பியர் ஒரு பழமொழி வழங்குவர். நம்மவரும், “மடியில் கனமில்லையென்றால் படுத்ததும் தூக்கம் வரும்” என்கின்றனர். கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் இது உண்மைதானா?

மகாபாரதத்தின் உத்தியோக பர்வத்தில் ஒரு முழு இரவு உறக்கமின்மைக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. பாண்டவரிடம் தூது சென்று திரும்பிய சஞ்ஜயன் மன்னனைக் கடிந்துகொண்டு, யுதிஷ்டிரனின் செய்தியை நாளைச் சபையில் சொல்வதாகக் கூறிப் போய்விடுகிறான். திருதராஷ்டிரனுக்கு உடல் எரிகிறது, உறக்கம் வரவில்லை. விதுரனை வரவழைத்துத் தன் நிலையைச் சொல்கிறான். விதுரநீதி என்று நாம் போற்றிப் படிப்பது அந்த இரவில் பிறந்த உரையாடல்தான். விதுரன் முதலில் நீதி சொல்லவில்லை. யாருக்கெல்லாம் உறக்கம் வராது என்று ஒரு பட்டியல் சொல்கிறான். வலியவனால் தாக்கப்பட்ட எளியவன், உடைமையை இழந்தவன், காமவசப்பட்டவன், திருடன் ஆகியோரைச் சொல்லிவிட்டு, ‘இவற்றுள் எதுவும் உம்மைத் தொடவில்லையே? பிறர் பொருளை விரும்பி வருந்தவில்லையே?’ என்று வினவுகிறான்.

அந்தப் பட்டியலில் குற்றவாளியும் குற்றமற்றவனும் அருகருகே நிற்கின்றனர். திருடனும் விழித்திருக்கிறான்; திருட்டுக் கொடுத்தவனும் விழித்திருக்கிறான். உறக்கம் வரவில்லை என்பதை மட்டும் வைத்து ஒருவன் யாரென்று தீர்மானிக்க முடியாது என்பதை விதுரன் அறிந்திருக்கிறான். அதனாலேயே அவன் கேள்வியாகக் கேட்கிறான். மனச்சாட்சிப் பழமொழியோ கேட்காமலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கடந்தபோது, பூந்துறை, விழிஞ்ஞம் முதலிய கடற்கரை ஊர்களில் கடலுக்குப் போனவர்களை எதிர்நோக்கிப் பெண்கள் இரவு பகலாகக் கரையில் நின்றனர். பலர் திரும்பவே இல்லை. அந்தப் பெண்களின் மனச்சாட்சியில் என்ன கறை இருந்தது? மறுபுறம், ஊர்ப்பணத்தை விழுங்கியவர்கள் குறட்டைவிட்டு உறங்குவதையும் உலகம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. திருதராஷ்டிரனுக்கு உறக்கம் போனது அவனிடம் இன்னும் சிறிதளவு அறம் மிஞ்சியிருந்ததால்தான் என்று எண்ணவும் இடமிருக்கிறது. துரியோதனன் அன்றிரவு உறங்காதிருந்ததாகப் பாரதம் எங்கும் சொல்லவில்லை.

பாரதத்தில் உறக்கமற்ற மற்றொருவன் அசுவத்தாமா. போர் முடிந்த இரவில் கிருபரும் கிருதவர்மாவும் ஆலமரத்தடியில் உறங்கிவிட, அவன் மட்டும் விழித்திருக்கிறான். கிளையில் உறங்கும் காகங்களை ஓர் ஆந்தை வந்து கொன்று குவிப்பதைக் கண்டதும் அவனுக்கு வழி தோன்றிவிடுகிறது. அவன் எழுப்பிச் சொன்னதைக் கேட்ட கிருபர் கூறும் அறிவுரை மிக எளியது. இன்றிரவு உறங்கு, களைப்புத் தீர்ந்தபின் காலையில் முடிவு செய்வோம் என்கிறார். துயருற்றவனுக்கும் சினமுற்றவனுக்கும் உறக்கம் எப்படி வரும் என்று அசுவத்தாமா திருப்பிக் கேட்கிறான். அது நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஓரிரவை அவன் கடத்தியிருந்தால் பாண்டவரின் பிள்ளைகள் பிழைத்திருப்பர். உறங்காத மனம் எடுக்கும் முடிவுகளைப் பற்றி இதைவிடக் கடுமையான எச்சரிக்கை வேறெங்கும் இல்லை. சொத்துப் பிரிவினைக் கடிதமோ, மகனுக்கு எழுதும் கோபமான செய்தியோ, இரவு இரண்டு மணிக்கு எழுதியதைக் காலையில் ஒருமுறை படித்துப் பார்க்காமல் அனுப்பக் கூடாது என்று சொல்லும் பெரியவர்கள் கிருபரின் வழி வந்தவர்கள்.

முயன்று பெற முடியாதது

உறக்கத்தின் இயல்பில் ஒரு விந்தை உண்டு. உணவைத் தேடிப் பெறலாம். கல்வியை முயன்று பெறலாம். உறக்கத்தை முயன்று பெற முடியாது. முயற்சி என்பதே விழிப்பின் செயல். ‘உறங்கியே தீர்வேன்’ என்று சங்கல்பம் செய்துகொண்டு படுப்பவன் விழித்தே கிடப்பான். நாம் செய்யக்கூடியதெல்லாம் கையிலிருப்பதைக் கீழே வைப்பதுதான்; எஞ்சியது தானே வரும். கடைக்காரர் இரவில் பெட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கதவை இறக்குகிறார். வராத பாக்கியும் நாளைய விலையும் கடைக்குள்ளேயே இருக்க வேண்டியவை. அவற்றையும் வீட்டுக்கு எடுத்து வந்து தலைமாட்டில் வைத்துக்கொண்டால் கடை இன்னும் மூடப்படவில்லை என்றே பொருள்.

1750-ஆம் ஆண்டில் மார்த்தாண்டவர்மா தன் அரசு முழுவதையும் ஸ்ரீ பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணம் செய்து, அவருடைய தாசனாக இருந்து ஆளத் தொடங்கினார். இதில் அரசியல் கணக்கும் இருந்ததென்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர், இருக்கட்டும். பெரும் போர்களை நடத்திய ஒருவர், உறங்கும் ஒருவரின் காலடியில் உடைவாளை வைத்து அரசைக் கையளிக்கும் அந்தக் காட்சி, ஒவ்வோர் இரவும் நாம் செய்ய வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் சொல்கிறது. மறுநாள் காலை அவர் அதே அலுவல்களைத்தான் பார்த்தார். ஒரு வரியும் குறையவில்லை, ஓர் எல்லையும் காவலின்றிப் போகவில்லை. உடையவர் யார் என்பது மட்டுமே மாறியிருந்தது.

இந்தக் கையளிப்புக்கு உதவும் சிறு ஒழுங்குகளை மருத்துவர்கள் இன்று வற்புறுத்துகின்றனர். எழும் நேரத்தை எக்காரணம் கொண்டும் மாற்றாதிருத்தல், குடை பிடித்தேனும் காலையில் அரை மணி நேரம் வெளியே நடத்தல், கைபேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைத்தல் என்பவை எளியவை. நெடுநேரம் உறக்கம் வராவிட்டால் படுக்கையிலேயே புரளாமல் எழுந்து, மங்கிய விளக்கில் அமர்ந்திருந்து, கண் சொருகும்போது திரும்பச் செல்ல வேண்டும் என்பது கேட்பதற்கு வினோதமாக இருக்கும். ஆனால் நன்கு சோதிக்கப்பட்ட முறை. இவற்றை உள்ளடக்கிய பயிற்சியையே நாட்பட்ட உறக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாகத் தர வேண்டும், மாத்திரைகள் அதற்குப் பின்னரே என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது. எழுந்து அமரும் அந்த நேரத்தில் ஜபமாலையைக் கையில் எடுக்கலாம். ஆனால் உறக்கம் வருவதற்கான உத்தியாக ஜபத்தை ஆக்கினால், எத்தனை மணி உருட்டியும் உறக்கம் வரவில்லையே என்ற புதிய கணக்கு ஒன்று தொடங்கிவிடும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாரக்கணக்கில் உறக்கம் கெட்டு, எதிலும் விருப்பமற்று, அழுகை முட்டிக்கொண்டு வருகிற ஒருவரிடம், “இன்னும் நம்பிக்கையோடு பிரார்த்தனை செய்யுங்கள்” என்று மட்டும் சொல்லி அனுப்புவது நல்லெண்ணத்தில் பிறக்கும் கொடுமை. அது நோய், அதற்கு மருத்துவர் இருக்கிறார். உரத்த குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருபவருக்கும், பகலில் வண்டி ஓட்டும்போதே கண்ணயர்பவருக்கும் அப்படியே. தம் சாதனையில் குறை இருப்பதாக எண்ணி, வெட்கத்தால் வாய் திறவாத பெரியவர்கள் நம் சத்சங்கங்களில் பலர் இருக்கின்றனர். நாம் விதுரனைப்போல் முதலில் கேட்கக் கற்றுக்கொண்டால் அவர்கள் வாய் திறப்பர்.

பிறர் உறக்கம்

அசுவத்தாமா அன்றிரவு செய்தது கொலைகளுள்ளும் கொடிதென்று கருதப்படுவதற்குக் காரணம், அவன் உறங்குபவர்களைக் கொன்றான் என்பதே. அந்தப் பருவத்தின் பெயரே சௌப்திக பர்வம், அதாவது உறங்குவோர் பருவம். உறங்குபவன் தன் காவலை ஊராரிடம் ஒப்படைத்திருக்கிறான். அந்த நம்பிக்கையைக் குலைப்பது தனியொரு பாவமாக எண்ணப்பட்டது. நம் நாட்டின் உச்ச நீதிமன்றமும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. தில்லி ராம்லீலா மைதானத்தில் 2011 ஜூன் 4-ஆம் நாள் நள்ளிரவில் உறங்கிக்கொண்டிருந்த கூட்டத்தைக் காவலர்கள் கலைத்தது குறித்து 2012 பிப்ரவரியில் தீர்ப்பளித்தபோது, உறக்கம் மனிதனின் அடிப்படை உரிமை, அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று அது கூறியது.

உரிமை உண்டென்றால் இடம் வேண்டுமே. தில்லியின் மூடுபனியில் நடைபாதையில் படுப்பவருக்கு உறக்கம் என்பது உயிரைப் பணயம் வைக்கும் செயல். 2010 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு இரவுக் காப்பகங்கள் அமைக்குமாறு உத்தரவிட்டது. நகரங்களில் ஓர் இலட்சம் மக்களுக்கு நூறு பேர் தங்கும் ஒரு காப்பகம் என்ற அளவை 2013-இல் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வகுத்தது. சாலைத் தெருவில் விடியுமுன்னரே தமிழகத்துக் காய்கறி லாரிகள் வந்து நிற்கும். அவற்றை இறக்கும் சுமட்டுத் தொழிலாளிக்கு ஊர் உறங்கும் நேரம் வேலை நேரம். ஊர் விழித்திருக்கும் நேரத்தில் ஒரு கடைத் திண்ணையில் சாக்கை விரித்து அவன் கண்ணயர வேண்டும். பகலுறக்கத்துக்கு வாக்படர் தந்த விலக்குப் பட்டியலில் அவன் இருக்கிறான். கடை முதலாளியின் பட்டியலில் இருக்கிறானா என்பது திண்ணையில் கம்பித் தடுப்பு இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது.

நம் பங்குக்கு நாமும் ஒன்றைப் பார்த்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டின் குளிர்மாதமான மார்கழியை விழிப்பின் மாதமாக ஆக்கியவர்கள் ஆண்டாளும் மாணிக்கவாசகரும். திருப்பாவையின் முப்பது பாசுரங்களில் பத்து, உறங்கும் தோழியரை வீடு வீடாகச் சென்று எழுப்புபவை. திருவெம்பாவையிலும் முதற்பகுதி அத்தகையதே. எழுப்புகிறவர்களுக்கு உள்ளே உறங்குபவள் யாரென்று தெரியும். அவள் உடன் வருவதாகச் சொல்லியிருப்பவள். உள்ளிருந்து மறுமொழியும் வருகிறது. நம் ஊர்களில் அதே பாசுரங்கள் அதிகாலை நாலரை மணிக்கு ஒலிபெருக்கியில் அலறுகின்றன. மருத்துவமனையில் இரவுப்பணி முடித்து அப்போதுதான் தலைசாய்த்த செவிலியையும், காய்ச்சலில் கிடக்கும் குழந்தையையும் அவை சேர்த்தே எழுப்புகின்றன. 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. 2005-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சட்டம் ஒருபுறம் இருக்க, ஒலிபெருக்கி வருவதற்கு முன்பு மார்கழி பஜனை தெருவில் நடந்தே சென்றது. ஜால்ராவும் ஒரு மிருதங்கமும் நாலைந்து குரல்களும் ஒரு வீட்டைக் கடக்க ஒரு நிமிடம் ஆகும். சேர்ந்துகொள்ள விரும்பியவர் கதவைத் திறந்துகொண்டு வருவார். மற்றவர் புரண்டு படுத்து, பாட்டு அடுத்த தெருவில் தேய்வதைக் கேட்டபடியே மறுபடி உறங்கிவிடுவார்.